கரை கடந்த பாட்டு

திரைப்படத்துக்கென்று பிறவாத பாட்டைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. சிலர் சுயாதீன இசை என்பர். சிலர் தனிப்பாடல் என்பர். இளைஞரோ ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி ‘இண்டி’ என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகின்றனர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. ஒரு படத்தின் கதைக்காகவோ, கதாநாயகனின் அறிமுகக் காட்சிக்காகவோ, தயாரிப்பாளர் ஒருவர் கூலி கொடுத்துச் செய்வித்த பாட்டன்று அது. பாடுவோரும் இசையமைப்போரும் தாமே எண்ணி, தாமே இயற்றி, தம் பெயரில் வெளியிடுவது. கடந்த சில ஆண்டுகளில் அவ்வகையில் வெளிவந்த தமிழ்ப் பாட்டுகளுள் கேட்டுப் பார்க்கத் தக்க சிலவற்றை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இப்பேச்சின் நோக்கம். அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசப் போகிறேன். அந்தப் பாட்டின் கதை நம்முடைய மன்னார்க் கரையைத் தொட்டுச் செல்கிறது; அதனை நம்மவருள்ளேயே பலர் இன்னும் கவனிக்கவில்லை.

புதுப் பாட்டைக் கண்டெடுத்து அயலாரிடம் சொல்லும் பழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. ஐரோப்பியக் கதையொன்று இங்கே வந்து இறங்கி, விருத்தமும் தருவும் பெற்று, என்றிக் எம்பரதோர் நாடகமாக அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆடியிருக்கிறது. ஞானசவுந்தரியும் மூவிராசாக்களும் அவ்வாறு வந்தவர்களே. மாதோட்டப் பாங்கு என்றும் யாழ்ப்பாணப் பாங்கு என்றும் இருவேறு பாங்குகளாக மன்னார்க் கூத்து வளர்ந்ததும், பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் இந்நாடகங்கள் 1960களில் அச்சேறியதும் நேயர் பலர் அறிந்ததே. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவிலும், தலைவன் ஓர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் முறையுண்டு. அங்கேயும் நல்ல அடி ஒன்று ஒரு பாட்டிலிருந்து மற்றொரு பாட்டுக்குத் தாவிவிடும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவைச் சேர்ந்த இனம் என்று சொன்னால் சிறுபிள்ளைகள் நம்புவதில்லை. அத்தனை உரிமையோடு அது இந்த மண்ணில் கால் ஊன்றியிருக்கிறது. பாட்டும் அப்படித்தான்.

பின்னர் வானொலி வந்தது. மத்திய அலை ஒலிபரப்பு நிலத்தை ஒட்டிச் செல்லும்போது காய்ந்த மண் அதன் வலுவை உறிஞ்சிவிடுகிறது. உப்புநீரோ மின்னை நன்கு கடத்தும். ஆதலால் கடல்மேல் செல்லும் அலைக்கு இழப்பு மிகக் குறைவு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல். இந்த உப்புநீர்ப் பரப்பைத் தாண்டி இரு நாட்டு வானொலிகளும் ஒன்றன் வீட்டுக்குள் மற்றொன்று நுழைந்தன. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. 1952இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவில் வானொலிக்குப் பொறுப்பான அமைச்சரானபின், அங்கே திரைப்பாட்டுக்கு இடம் சுருங்கியபோது, அந்நாட்டு நேயர்கள் கொழும்பை நோக்கித் தங்கள் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கிய பிறகுதான் அந்நாட்டு வானொலி அவர்களைத் திரும்ப அழைக்க முற்பட்டது. எஸ். பி. மயில்வாகனனின் குரலைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இனம் கண்டுகொண்டார்கள். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் பிறந்த பாட்டுகளைச் சென்னை நாட்டாருக்கே இங்கிருந்து எடுத்துச் சொன்ன நாம், நம் சொந்தப் பாட்டுகளை அந்த அளவுக்கு அனுப்பவில்லை.

சொந்தப் பாட்டு இல்லாமற் போகவில்லை. எஸ். கே. பரராஜசிங்கம் முதலியோர் வளர்த்த ஈழத்து மெல்லிசை இருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசை இருந்தது. போர்த்துக்கீசர் காலத்தில் வேர்விட்ட பைலாத் தாளத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்து ஊரெல்லாம் தாளம் போட வைத்தார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’ மட்டும் கடல் கடந்து தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. அது மீனைப் பற்றிய பாட்டு என்பது மன்னார்க்காரருக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரக்கூடும். இவை யாவும் திரைப்படம் கேட்டுப் பிறந்தவையல்ல. இன்று ‘இண்டி’ என்று சொல்லி வியப்போர், நம் மூத்த தலைமுறை 1970களில் அதையே செய்து முடித்திருந்ததை நினைவிற் கொள்வது நல்லது.

அதன் பின் நெடுங்காலம் திரைப்பாட்டே தமிழிசை என்றாயிற்று. மாற்றம் வந்தது வெளியிலிருந்து. மலேசியாவில் யோகி பி அவர்களும் நட்சத்திரா குழுவினரும் 2006இல் ‘வல்லவன்’ என்ற தொகுப்பை வெளியிட்டனர். தாளத்துக்கேற்ப அடுக்கடுக்காகப் பேசிச் செல்லும் ராப் முறை தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அது காட்டிற்று. எதுகையும் மோனையும் இயல்பாக அமைந்த மொழிக்கு அது பொருந்தாமல் எதற்குப் பொருந்தும்? 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ வந்தது. 2018இல் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு மேடையேறியது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில், சாதிக் கொடுமையை நேருக்கு நேர் பெயர் சொல்லிப் பாடின. அக்குழுவில் அறிவு என்ற இளைஞர் ஒருவர் இருந்தார். அரக்கோணத்தைச் சேர்ந்தவர், முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். 2019இல் ஓஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தொகுப்பை அவர் வெளியிட்டபோதே, சொல்லை இவர் வீணாக்குவதில்லை என்று கேட்டோர் தெரிந்துகொண்டனர்.

இனி, நான் விரிவாகப் பேசுவேன் என்று சொன்ன பாட்டு. ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் வெளிவந்தது. பாடியோர் அறிவும் தீயும். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். தீ ஈழத்தமிழ் வேர் கொண்ட ஆஸ்திரேலியப் பாடகி. வெளியிட்ட நிறுவனம் மாஜா, ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு புலம்பெயர் தமிழர் சிலர் தொடங்கியது. பாட்டைக் கோடிக்கணக்கான முறை கேட்டுவிட்டார்கள். நம் ஊர்க் கலியாண வீடுகளிலும் பள்ளிக்கூட விழாக்களிலும் பிள்ளைகள் இதற்கு ஆடியிருப்பார்கள். தலைப்பின் முதற் சொல் களிப்பைச் சொல்கிறது. இரண்டாவது ‘என் சாமி’ என்று பாட்டியொருத்தி பேரப்பிள்ளையைக் கொஞ்சும் சொல். துள்ளும் தாளத்தில் ஆடிக்கொண்டே போகிறவர்கள், பின்பகுதியில் பாட்டு மெல்லத் தன் முகத்தை மாற்றிக்கொள்வதைச் சட்டென்று உணர்வதில்லை. அங்கே கேட்பது ஒப்பாரி.

யாருக்கு ஒப்பாரி? காட்டைத் திருத்தித் தோட்டமாக்கி, அந்தத் தோட்டத்தின் பயன் எதனையும் தாம் காணாமற் போன முன்னோர்க்கு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பின்னர் தமிழ்நாட்டுக்குத் திரும்பிக் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய வாழ்க்கையிலிருந்தே பாட்டு பிறந்தது என்று அறிவு பலமுறை சொல்லியிருக்கிறார். வள்ளியம்மாளின் தலைமுறை போனதும் வந்ததும் எவ்வழியே என்று கேட்டால், விடை மன்னாரில் இருக்கிறது.

1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. மலையகத் தமிழர் தங்கள் வரலாற்றின் தொடக்கமாக 1823ஆம் ஆண்டையே கொள்கின்றனர். இராமநாதபுரக் கரைக்குக் கால்நடையாக வந்து, தோணியேறி, தலைமன்னாரிலோ மன்னாரிலோ அரிப்பிலோ இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைவரை மறுபடியும் நடை. வழியெங்கும் அடர்ந்த காடு. நல்ல தண்ணீர் அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழித்துணையாக வந்தன. வழியில் விழுந்தோரை எண்ணிக் கணக்கு வைத்தவர் இல்லை. ஆயிரக்கணக்கானோர் என்று மட்டும் சொல்ல முடிகிறது. பெருந்தெருவை இன்று பேருந்தில் கடக்கிறோம்; தெருவின் இருமருங்கிலும் உள்ள மண்ணில் அவர்களுடைய எலும்புகள் கிடக்கின்றன என்பது மிகைச் சொல்லன்று.

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் பயணம் இலகுவாயிற்று. அக்கரையில் மண்டபம் முகாமில் தடுத்து வைத்து நோய் உண்டா என்று சோதிப்பார்கள். அதன்பின் கப்பல்; இங்கே துறையிலிருந்தே கோச்சி; அது நேரே மலைக்கு ஏற்றிச் செல்லும். மனிதர் வந்த அதே வழியில் அவர்களுடைய தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் வந்தன. லயங்களில் அவற்றுக்குப் புதுச் சொற்கள் ஏறின. கங்காணியும் துரையும் பெரட்டுக்களமும் பாட்டுக்குள் புகுந்துகொண்டனர். சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கியிராவிட்டால் அவற்றுட் பல நமக்குக் கிடைத்திரா.

பிறகு திரும்பிப் போகும் காலம் வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974வரை தொங்கலில் கிடந்து, பின் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்த கணக்கு அது. ஒப்பந்தம் ஆன அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடிற்று. மலையிலிருந்து இரவுக் கோச்சியில் வந்து தலைமன்னார்த் துறையில் இறங்கியோர் பலர் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். ‘தாயகம் திரும்புவோர்’ என்று பத்திரத்தில் எழுதப்பட்ட அவர்கள் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்டதேயில்லை. ஒரே குடும்பத்தில் தமக்கைக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வாய்த்ததும் உண்டு. உடன்படிக்கையின் கீழ்ப் போனோரில் மிகப் பெரும்பாலோர் கடைசியாக மிதித்த இலங்கை மண் நம் தலைமன்னார் மணலே. 1980களில் போர் மூண்டதும் கப்பல் நின்றது. பின் இருப்புப்பாதையும் அழிந்தது. தலைமன்னார் வரையான பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. கப்பல் திரும்பவில்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டபின் அந்தப் பாட்டை இன்னொரு முறை கேட்டால் வேறு விதமாகத்தான் ஒலிக்கும். ஒப்பாரி மன்னார்க் காதுக்கு அந்நியமானதன்று. தவக்காலத்தில் பசாம் படிக்கக் கேட்டு வளர்ந்தோர், பேசாலையில் உடக்குப் பாஸ் பார்க்கக் கூடிய கூட்டத்திலே பெண்கள் விம்மக் கேட்டோர், சாவீட்டில் பாட்டிமார் மாறி மாறி எடுத்துப் பாடக் கேட்டோர் இங்கே நிறைய உண்டு. சாவீட்டு ஒப்பாரியில் ஒரு நுட்பம் உண்டு. அழுகிறவள் இறந்தவரைப் பாடுவதாகத் தொடங்கித் தன் துயரத்தையும் பாடிவிடுவாள். நேரே சொன்னால் யாரும் கேளாத வழக்கை இராகத்தில் வைத்துச் சபையேற்றிவிடுவாள். அறிவு செய்திருப்பதும் அதுவே. ஆடுவதற்கென்று வந்த கூட்டத்தின் நடுவே பாட்டியின் வழக்கை வைத்துவிட்டார். இசை நுட்பம் தேடுவோர் பாட்டில் வேறு பல குறை காணலாம். இந்த ஒரு செயலுக்காகவே அதைத் தமிழின் நல்ல புதுப் பாட்டுகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

பாட்டில் வைத்த வழக்கு ஒன்று. பாட்டைப் பற்றியே எழுந்த வழக்கு மற்றொன்று. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் தீயின் படத்தையும், ரொறன்ரோவில் வாழும் ஷான் வின்சென்ட் டி போலின் படத்தையும் வெளியிட்டது. அறிவு அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அது ஏன் என்று வெளிப்படையாகக் கேட்டார். பின்னர் அறிவின் படத்தோடு தனியே ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாட்டைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. பாட்டை இயற்றியதிலும் மெட்டமைத்ததிலும் தமக்குள்ள பங்கை அவர் எழுதி வெளியிட்டார். மெட்டமைத்தல் கூட்டாக நிகழ்ந்தது என்று சந்தோஷ் நாராயணன் தம் தரப்பை எழுதினார். யார் சொல்வது எவ்வளவு சரி என்று தீர்ப்புக் கூற நாம் அந்த அறையில் இருந்தவர்களல்லர். ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். உழைத்தவரின் பெயர் விடுபட்டுப் போவதைப் பாடும் பாட்டிலேயே, பெயர் விடுபட்டது என்ற முறைப்பாடு எழுந்தது.

அடுத்து வந்தது காசு வழக்கு. 2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்று ஆண்டு நிறைந்த வேளையில், அதிலிருந்து தமக்கோ உடன் பாடியோர்க்கோ வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளி ஒன்றில் அறிவித்தார். நிறுவனம் தன் விளக்கத்தைச் சொல்லிற்று. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கு இது எவ்வாறு நேரக்கூடும் என்று நேயர்கள் வியக்கலாம். அதனைச் சற்று விளக்குகிறேன்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் அடங்கியிருக்கின்றன. சொல்லும் மெட்டும் ஒன்று. அதற்கு உரியோர் பாவலரும் இசையமைப்பாளரும். அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. அதற்கு உரியோர் பெரும்பாலும் பதிவுக்குப் பணம் செலவிட்டவர், அல்லது ஒப்பந்தத்தால் அதைப் பெற்றுக்கொண்ட நிறுவனம். யூடியூபிலோ ஸ்போட்டிஃபையிலோ நாம் ஒரு பாட்டைக் கேட்கும்போது, விளம்பரத்தாலும் சந்தாவாலும் திரளும் தொகையில் மிகச் சிறு துளியொன்று அந்தப் பாட்டின் கணக்கில் விழுகிறது. அந்தத் துளி பாடகரின் கைக்கு நேரே போவதில்லை. முதலில் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அடுத்து விநியோகம் செய்வோர். அதன்பின் வெளியீட்டு நிறுவனம். பதிவு, படப்பிடிப்பு, விளம்பரம் ஆகியவற்றுக்கு முன்னர் செலவிட்ட தொகையை நிறுவனம் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்தக் கழிவு தீரும்வரை கலைஞனின் ஏட்டில் வரவு விழாது. ஆதலால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைக் கண்டு கலைஞன் செல்வந்தனாகிவிட்டான் என்று எண்ணுவது பிழை. தோட்டத்தில் நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு, மாத முடிவில் அரிசிக்கும் கம்பளிக்கும் முன்பணத்துக்கும் கழித்தது போக என்ன மிச்சம் என்று செக்றோல் ஏட்டைப் பார்த்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு விளங்காமலிராது.

சொந்தப் பாட்டின்மீது தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்ட முன்னோடி ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேச ஐயரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், 1930களிலும் 1940ஆம் ஆண்டை ஒட்டியும், தொழிலாளர் படும் பாட்டை மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமே இயற்றிச் சிறு நூலாக அச்சிட்டார். கூட்ட மேடைகளில் தாமே பாடினார். பாட்டை எழுதியவரும் பாடியவரும் வெளியிட்டவரும் ஒருவரே. சுயாதீன இசை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நடேச ஐயருக்குக் கிடைத்த புகழில் நாலில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

அறிவும் இப்போது அவ்வழியை நாடியிருப்பதாகத் தோன்றுகிறது. 2024இல் அவர் தம் குழுவினரோடு வெளியிட்ட தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டிருக்கிறார். பாட்டியின் பெயர் இம்முறை தலைப்பிலேயே நிற்கிறது. யாரும் விட்டுவிட முடியாது. நேயர்களுக்கு நான் முதலிற் பரிந்துரைப்பது இதைத்தான். ‘எஞ்சாய் எஞ்சாமி’யின் பளபளப்பை இதில் தேட வேண்டாம். முதல் முறை கேட்கும்போது சில பாட்டுகள் கரடுமுரடாகத் தோன்றும். சொல்லைக் கவனித்து இரண்டாம் முறை கேட்டால் பிடிபடும்.

அடுத்து, மேலே சொன்ன ஷான் வின்சென்ட் டி போல். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே போரினால் கனடா சென்றவர். மிருதங்கக் கலைஞர் யாஞ்சனோடு அவர் செய்த ‘மிருதங்க ராப்ஸ்’ என்ற சிறு பாட்டுகள் புதுமையானவை. மிருதங்கச் சொற்கட்டும் ராப்பின் அடுக்கும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்டால், சங்கீதம் பயின்ற முதியோரும் தொடையிலே தாளம் போட்டுவிடுவர். 2021இல் வெளிவந்த அவருடைய ‘மேட் இன் ஜஃப்னா’ தொகுப்பு பெரும்பாலும் ஆங்கிலம். ஆயினும் அதில் பேசப்படும் வீடு நம்முடையது. மொழி தடையென்று எண்ணுவோர் மிருதங்கப் பாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காதற்பாட்டு விரும்புவோர்க்குச் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ ஆகிய இரண்டும் 2024இல் வந்தவை. படமில்லாமலே திரைப்பாட்டின் புகழைப் பெற்றுவிட்டன. மெட்டு இனிது, சொல் சற்று மெலிது. இவை பெரிய நிறுவனத்தின் வெளியீடுகள் ஆதலால் இவற்றைச் சுயாதீனம் என்று சொல்லலாமா என்று வாதிப்போர் உண்டு. அந்த வாதத்தை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

மன்னாரிலும் பாட்டுச் செய்வோர் இளைஞர்களிடையே இருக்கிறார்கள். கைப்பேசியும் சிறு ஒலிவாங்கியும் போதும் என்ற காலம் இது. கடற்கரையில் நிற்கும்போது சில வேளை அவர்களுடைய கைப்பேசி அக்கரைக் கோபுரத்தின் சைகையைப் பற்றிக்கொள்கிறது. அந்நாளைய வானொலிப் பெட்டியைப் போலவே. அவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு பாட்டை இயற்றிய கணமே அதன் பதிப்புரிமை இயற்றியவருக்கு உண்டாகிறது. எங்கும் பதிய வேண்டுவதில்லை. அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் அது நிற்கும். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அச்சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. சட்டம் உரிமையைத் தருகிறது. இன்னார்தான் இயற்றினார் என்பதை மெய்ப்பிப்பது நம் வேலை. ஆகவே பாட்டை ஏற்றுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுவது நன்று: சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பாடியவர், வாசித்தவர், பதிந்தவர் யாவர், வருவாய் வந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்று. எல்லோரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று கூச்சப்படுவோர் உண்டு. பாட்டு ஓடாதவரை அந்தத் தாளுக்கு வேலையில்லை. ஓடிவிட்டால் அதைவிட்டால் வேறு துணையில்லை.

பழைய அம்பாவையோ கூத்து விருத்தத்தையோ ஒப்பாரியையோ எடுத்தாள்வோர், யாரிடம் கேட்டார்களோ அவருடைய ஒப்புதலைப் பெற்று, அவர் பெயரையும் ஊரையும் அதே தாளில் சேர்த்தல் வேண்டும். இதை அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். 2023 ஜூலை 28இல் மலையக மக்களின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு ஒரு கூட்டத்தார் தலைமன்னாரிலிருந்து முன்னோர் நடந்த வழியே நடக்கத் தொடங்கி, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். அவர்கள் நடந்த வழியில் விழுந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. பாட்டுக்கேனும் ஒன்று இருக்கட்டும். பதிவின் படியொன்றை ஊரைவிட்டுத் தூரத்தில் உள்ள உறவினரிடமும் கொடுத்துவையுங்கள். போர்க் காலத்தில் வீடுகளோடு ஒலிநாடாக்களும் போன கரை இது.